மரியாதையாகப் பேசினால் மாமாவுக்குக் கேட்காது

இலங்கை மலையகத்தில் தலவாக்கலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றுக்கு வாழ்க்கைப்பட்டு வந்து நான்கு மாதமான ஒரு மகள் கேட்டிருக்கிறார். மாமனார் முப்பது வருடத்துக்கு மேல் தேயிலை ஸ்டோரில், அதாவது தோட்டத்துத் தொழிற்சாலையில், கொழுந்து உருட்டும் ரோலர் அறையில் வேலை செய்தவர். இப்போது காது மந்தம். பகல் முழுவதும் இஸ்தோப்பில், வீட்டு முன் திண்ணையில், உட்கார்ந்து தூரத்தில் தெரியும் ஸ்டோரையே பார்த்துக்கொண்டிருக்கிறார். மகன் பேசினால் பதில் வருகிறது. மருமகள் பேசினால் "ம்" என்பதோடு சரி, சில நேரம் அதுவும் இல்லை. "என்னைப் பிடிக்கவில்லையோ என்று பயமாக இருக்கிறது. அவரிடம் எப்படிப் பேச்சைத் தொடங்குவது, என்ன பேசுவது?" என்பது கேள்வி.

பிடிப்பதற்கும் பிடிக்காததற்கும் இதில் சம்பந்தமே இல்லை, மகள். உங்கள் குரல் அவருடைய காதில் தேய்ந்துபோன இடத்தில் போய் விழுகிறது, அவ்வளவுதான். நான் இருபத்தேழு வருடம் ஸ்டோர்களிலேயே கிடந்தவன். கடைசி ஒன்பது வருடம் டீமேக்கர், தேயிலை தயாரிப்புக்குப் பொறுப்பானவன். பதினொரு வருடமாக இரண்டு காதிலும் கேட்கும் மிஷின். உங்கள் மாமா உட்கார்ந்திருக்கும் அதே வாங்குப் பலகையிலிருந்துதான் இந்தப் பதிலை எழுதுகிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ரோலர் ஓடும்போது நீங்கள் ஒருமுறையாவது உள்ளே போய்ப் பார்த்திருந்தால் பாதி விளங்கிவிடும். ரோலர்கள் ஒரு பக்கம், ட்ரையர் ஒரு பக்கம், சலிக்கும் இயந்திரங்கள், மாடியில் கொழுந்து வாட்டும் தொட்டிகளின் விசிறிகள். எட்டு மணி நேர வேலைக்கு 85 டெசிபல்தான் எல்லை என்று தொழில் சுகாதாரக்காரர்கள் சொல்வார்கள். கைக்கெட்டும் தூரத்தில் நிற்பவரிடம் பேசுவதற்கே குரலை உயர்த்த வேண்டியிருந்தால் அந்த எல்லைக்கு வந்துவிட்டோம் என்று அர்த்தம். உள்காதில் நத்தை ஓடு மாதிரிச் சுருண்ட உறுப்பு ஒன்று இருக்கிறது. அதில் ஒரு காதுக்குச் சுமார் 15,000 மயிர்க்கலங்கள். செத்துப்போனவை திரும்ப முளைப்பதில்லை. இயந்திரச் சத்தத்தில் பெரும்பாலும் முதலில் போவது 4000 ஹேர்ட்ஸ் பக்கத்து மேல் சுருதியைப் பிடிக்கும் கலங்கள். கீழ்ச் சுருதி நெடுநாள் தாக்குப்பிடிக்கும்.

ஆகவே உங்கள் மாமாவுக்குத் தப்பு மேளச் சத்தம் கேட்கும், லொறி ஏற்றத்தில் முனகுவது கேட்கும், மகனின் கனத்த குரல் ஓரளவு கேட்கும். பெண்களின் குரலும் குழந்தைகளின் குரலும்தான் நழுவும். உயிரெழுத்துகள் காதில் விழும், மெய்யெழுத்துகளில் பாதி விழாது. யாரோ பேசுவது தெரியும், என்ன பேசுகிறார் என்பது தெரியாது. 'செவிடன் காதில் ஊதிய சங்கு' என்று பழமொழி கட்டியவர் ஸ்டோர் பக்கமே வராத ஆள். எனக்குச் சங்கு அருமையாகக் கேட்கிறது. 'சீனி', 'சேலை' என்று சொன்னால்தான் அந்தச் 'ச' எங்கேயோ போய்விடுகிறது. 'தனக்கு வேண்டியது மட்டும் கேட்கும், தன் மகன் பேசினால் மட்டும் கேட்கும்' என்று மாமியார் வைகிறாரானால் இதையும் அவரிடம் சொல்லி வையுங்கள்.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது வேறு. ஒரு மருமகள் மாமனாரிடம் எப்படிப் பேச வேண்டும் என்று நம் ஊரில் பழக்கியிருக்கிறார்கள்? கதவோரத்தில் நின்று, தலையைக் குனிந்து, முகத்தைப் பார்க்காமல், குரலைத் தாழ்த்தி. கூச்சக்காரப் பிள்ளையாக இருந்தால் கையோ சேலைத் தலைப்போ வாய்க்குப் பக்கத்திலேயே இருக்கும். தோட்டத்தை நடத்திய துரைக்கு முன்னால் வாய் பொத்தி நின்ற தலைமுறைகளின் பேரப்பிள்ளைகள் நாம். அந்தப் பழக்கம் இலேசில் விடாது. ஆனால் காது மந்தமானவருக்கு இதில் ஒவ்வொன்றும் ஒரு கதவை அடைக்கிறது. தலையைக் குனிந்தால் உதடு தெரியாது. குரலைத் தாழ்த்தினால் இருக்கிற கொஞ்சமும் போகும். வாயை மறைத்தால் முடிந்தது கதை. நீங்கள் எவ்வளவுக்கு மரியாதையாகப் பேசுகிறீர்களோ அவ்வளவுக்கு அவருக்குக் கேட்காது.

இதை நீங்களாகத் திடீரென்று மாற்றினால் வீட்டில் வேறு பேச்சு வரலாம். முதலில் உங்கள் கணவரைக் கொண்டு ஒரு வார்த்தை சொல்லச் சொல்லுங்கள்: "அப்பா, உங்களுக்கு விளங்க வேண்டும் என்பதற்காக இவள் உங்கள் முகத்தைப் பார்த்துத்தான் பேசுவாள்." ஒருமுறை சொன்னால் போதும். பிறகு உங்களுக்கும் கூச்சம் குறையும், அவருக்கும் நீங்கள் நிமிர்ந்து பார்ப்பது தப்பாகத் தெரியாது.

என் தங்கை மகன் ஒருவன் இருக்கிறான். நல்ல பிள்ளை, அடக்கமானவன். மிஷின் போடுவதற்கு முந்திய வருடம் ஒரு மாலை நேரம் வாசற்படியில் வந்து நின்றான். பின்னால் வெளிச்சம், முகம் முழுக்க இருட்டு, கை வாயருகே. ஏதோ சொன்னான். அதற்கு முந்திய வாரம்தான் தன் கரட் பாத்திக்கு மருந்து அடிக்கிற டாங்கியை இரவல் கேட்டு வந்திருந்தான். அதற்காகத்தான் திரும்பவும் வந்திருக்கிறான் என்று நினைத்து, "இந்த முறை முடியாது தம்பி, வேறு யாரிடமாவது கேட்டுப் பார்" என்றேன். பேசாமல் போய்விட்டான். அவன் சொன்னது, "மாமா, கல்யாணத்தை நீங்கள்தான் முன்னுக்கு நின்று நடத்தித் தர வேண்டும்" என்பது. எனக்குத் தெரிய வந்தது பத்து நாளைக்குப் பிறகு, தங்கை வந்து அழுதபோது. கேட்காத இடத்தை மனம் சும்மா விடாது, பக்கத்தில் கிடக்கிற எதையாவது எடுத்து அடைத்துவிடும். அவன் வெளிச்சத்தில் நின்று "கல்யாண விஷயம் மாமா" என்று முதலில் ஒரு சொல் சொல்லியிருந்தால் மிச்சத்தை நான் பிடித்திருப்பேன்.

லயத்துக் காம்பராக்களில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டு அறைகளில், வெளிச்சம் வருவது பெரும்பாலும் வாசல் வழியாக. வாசலில் நிற்பவரின் முகம் உள்ளே இருப்பவருக்குக் கறுப்பாகத்தான் தெரியும். எனவே வெளிச்சம் உங்கள் முதுகில் அல்ல, முகத்தில் விழுகிற இடம் எதுவென்று ஒருநாள் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். இஸ்தோப்பில் அவர் வெளியே பார்த்து உட்கார்ந்திருந்தால் பின்னாலிருந்து கூப்பிடுவதால் பலனில்லை, திடுக்கிடத்தான் செய்வார். சுற்றிக்கொண்டு அவர் கண்ணுக்கு முன்னால் வாருங்கள். ஒரு மீற்றர் தூரம் நல்லது. தூரம் பாதியானால் சத்தம் 6 டெசிபல் கூடும் என்பது திறந்த வெளிக் கணக்கு. இரண்டு எட்டுக் கிட்டே வருவது, தொண்டை கிழியக் கத்துவதை விட இலாபம். எந்தக் காது நல்ல காது என்று கேட்டு அந்தப் பக்கம் உட்காருங்கள். அதற்காகக் காதுக்குள் வாயை வைத்துப் பேசாதீர்கள், முகம் தெரியாமல் போகும்.

தோளைத் தொட்டுக் கூப்பிடுங்கள் என்று புத்தகங்களில் இருக்கும். மருமகளுக்கு அது சரிப்படாது என்று எனக்குத் தெரியும். என் மருமகள் கண்டுபிடித்த வழியைச் சொல்கிறேன். தேத்தண்ணீர்க் கோப்பையைக் கொண்டுவந்து நான் உட்கார்ந்திருக்கும் வாங்கின் மேல் 'டொக்' என்று வைப்பாள். பலகை அதிர்வது என் உள்ளங்கைக்குத் தெரியும், திரும்புவேன். அவள் உடனே பேச மாட்டாள். கோப்பையைப் பார்ப்பவன் அவள் வாயைப் பார்க்க முடியாது என்பது அவளுக்கு விளங்கியிருக்கிறது. எதிரே படியில் உட்கார்ந்து, நான் முதல் வாய் குடித்துவிட்டு நிமிரும்வரை காத்திருப்பாள். பிறகு, "மாமா, கரண்ட் பில்" என்பாள். இரண்டே சொல். ஒரு மூச்சு நிறுத்தம். என் மனம் அதற்குள் கரண்ட் பில்லோடு சம்பந்தப்பட்ட சொற்களை எல்லாம் எடுத்துத் தயாராக வைத்துக்கொள்ளும். அதன் பிறகு அவள் சொல்வதில் பத்துக்கு எட்டு விளங்கிவிடும்.

அந்த 'மாமா' என்ற சொல்லைப் பற்றி ஒரு வேடிக்கை. உதட்டை மட்டும் பார்த்தால் 'மாமா'வும் 'பாப்பா'வும் ஒன்றுதான். ப, ம இரண்டுக்கும் உதடு ஒரே மாதிரி மூடித் திறக்கும். 'பணம்' கேட்கிறீர்களா 'மனம்' கேட்கிறீர்களா என்று உதடு சொல்லாது. ல, ள, ழ, ன, ண எல்லாம் நாக்கின் வேலை, வாய்க்குள்ளேயே முடிந்துவிடும். க தொண்டைக்குப் பக்கத்தில் பிறக்கிறது, வெளியே அடையாளமே இல்லை. உதட்டைப் பார்த்தால் எல்லாம் தெரியும் என்று நினைக்கிறவர்கள் ஒருமுறை கண்ணாடி முன்னால் சத்தமில்லாமல் பேசிப் பார்க்கட்டும். உதடும் காதும் விஷயமும் மூன்றும் சேர்ந்தால்தான் எங்களுக்கு ஒரு வாக்கியம் கிடைக்கும்.

இன்னொரு தொல்லை தமிழின் அமைப்பிலேயே இருக்கிறது. நம் பேச்சில் உயிர் கடைசிச் சொல்லில். போனானா போகவில்லையா, வேண்டுமா வேண்டாமா என்பதெல்லாம் முடிவில்தான் வரும். ஆனால் முடிவுக்கு வரும்போது எல்லோரும் குரலை இறக்கிவிடுகிறோம், சிலர் சொல்லிக்கொண்டே எழுந்து திரும்பியும் விடுகிறார்கள். "நாளைக்குக் கிளினிக் போக வேண்டாம்" என்று என் மனைவி திரும்பிக்கொண்டே சொல்லி, நான் 'வேண்டும்' என்று எடுத்துக்கொண்டு, பௌர்ணமி விடுமுறையான போயா தினத்தன்று டவுன் வரை பஸ் ஏறிப்போய், பூட்டியிருந்த கிளினிக் கதவைப் பார்த்துவிட்டு வந்த கதை எங்கள் வீட்டில் இன்னும் ஓடுகிறது. ஆகவே வாக்கியத்தை முடிக்கும்வரை முகத்தைத் திருப்பாதீர்கள். 'வேண்டாம்' என்றால் கையையும் ஆட்டுங்கள். எண்களுக்கும் இதே கதிதான். இருபது, அறுபது, முப்பது, ஒன்பது எல்லாவற்றுக்கும் ஒரே வால். விரலில் காட்டுங்கள்.

தலையாட்டலை நம்பாதீர்கள். இதை என் சொந்தக் குற்ற ஒப்புதலாகவே எடுத்துக்கொள்ளலாம். மூன்றாம் முறை "என்ன?" என்று கேட்க வெட்கப்பட்டு எத்தனையோ விஷயங்களுக்கு "ஆமாம், ஆமாம்" என்றிருக்கிறேன். "விளங்கியதா மாமா?" என்று கேட்டால் "ஆமாம்" என்றுதான் வரும். "சோறா, ரொட்டியா?" என்று கேளுங்கள், "எத்தனை மணிக்கு எழுப்பட்டும்?" என்று கேளுங்கள். பதிலிலேயே விளங்கியதா இல்லையா என்று தெரிந்துவிடும். விளங்கவில்லை என்றால் அதே வாக்கியத்தை ஒருமுறை திரும்பச் சொல்லலாம். அதற்கு மேல் சொல்லை மாற்றுங்கள். 'டிஸ்பென்சரி' பிடிபடவில்லையா, 'மருந்து எடுக்கிற இடம்' என்று சொல்லுங்கள். குட்டிச் சொல்லை விட நீண்ட சொல்லும் சொற்றொடரும் எங்களுக்கு வசதி, பிடித்துக்கொள்ள இடம் அதிகம்.

கத்துவதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கெட்டுப்போன காதுக்கு மெதுவான சத்தம் கேட்காது, ஆனால் பெரிய சத்தம் மற்றவர்களுக்கு உறைப்பதைப் போலவே உறைக்கும். இடையில் இருக்கிற இடைவெளிதான் குறுகிப்போயிருக்கிறது. "கொஞ்சம் சத்தமாகச் சொல்" என்று நாங்களே கேட்டுவிட்டு, சொன்னதும் "ஏன் கத்துகிறாய்?" என்று எரிந்து விழுவது இதனால்தான். கத்தும்போது உதடும் கோணும், முகமும் கோபமாகத் தெரியும். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பிரட்டுக்களத்தில் காலமெல்லாம் கத்தல் வாங்கிய ஆளுக்கு அந்த முகம் என்ன நினைவைக் கொண்டுவரும் என்று யோசித்துப் பாருங்கள். அதோடு, பக்கத்துக் காம்பராவுக்கும் நமக்கும் நடுவில் ஒரு சுவர்தான். நீங்கள் கத்தினால் லயம் முழுவதற்கும் கேட்கும், கேட்க வேண்டியவருக்கு மட்டும் விளங்காது. குரலைக் கொஞ்சம் கீழ்ச் சுருதிக்கு இறக்கி, சொல்லுக்குச் சொல் சிறிது இடம் விட்டு, சாதாரணச் சத்தத்தை விட ஒரு படி மட்டும் ஏற்றிப் பேசுங்கள். அதற்காகச் சிறுபிள்ளைக்குச் சொல்வதைப் போல எழுத்தெழுத்தாக இழுக்கவும் வேண்டாம், உதட்டின் வடிவம் கெட்டுவிடும்.

எதைச் சொன்னாலும் ஒன்றை மட்டும் சொல்லாதீர்கள்: "ஒன்றுமில்லை, விடுங்கள்." எல்லோரும் சிரிக்கிறார்கள், என்ன என்று கேட்கிறேன், "ஒன்றுமில்லை" என்கிறார்கள். அந்த ஒரு சொல்லுக்கு நான் வாங்கை விட்டு எழுந்துபோன நாட்கள் உண்டு. நேரமில்லை என்றால் "இரவைக்குச் சொல்கிறேன்" என்று சொல்லி, இரவு மறக்காமல் சொல்லுங்கள்.

நேரமும் பார்க்க வேண்டும். காதால் பாதி, கண்ணால் பாதி, ஊகத்தால் மிச்சம் என்று நாள் முழுவதும் கோத்துக்கொண்டிருப்பவருக்கு மாலையில் மூளை களைத்துவிடும். காலைதான் நல்லது. டிவி ஓடும்போது தொடங்காதீர்கள். கோயில் திருவிழா ஒலிபெருக்கி பாடும்போதும் வேண்டாம். மழை வந்தால் விட்டுவிடுங்கள். மேயிலிருந்து செப்டெம்பர் வரை உங்கள் பக்கத்தில் தென்மேல் பருவ மழை தகரத்தில் அடிக்கும்போது நல்ல காதுக்காரர்களே சைகையில்தானே பேசுகிறீர்கள்? அப்போது உங்களுக்கு இருப்பது எங்களுக்கு எப்போதும் இருக்கிறது.

இதெல்லாம் ஒரு பக்கம் இருக்க, மாமாவைக் காது மூக்குத் தொண்டை கிளினிக்குக்கு ஒருமுறை கூட்டிப்போனார்களா என்று கேளுங்கள். ஸ்டோர் காது என்று எல்லோரும் முடிவு கட்டிவிட்ட சிலருக்கு உள்ளே குரும்பியும் அடைத்திருக்கும். அதை எடுத்தாலே கொஞ்சம் வித்தியாசம் தெரியும். பூண்டு போட்டுக் காய்ச்சிய எண்ணெய், பஞ்சுக் குச்சி, கோழி இறகு எதுவும் வேண்டாம். குச்சி குரும்பியை இன்னும் உள்ளே தள்ளும். திடீரென்று ஓரிரு நாளில் ஒரு காது அடங்கிப்போனால் மட்டும் கிளினிக் நாளுக்குக் காத்திருக்கக் கூடாது, அன்றைக்கே பெரிய வைத்தியசாலைக்குப் போக வேண்டும். அதற்கான மருந்துக்கு நாட்கணக்கு உண்டு.

மிஷின் கிடைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நினைக்காதீர்கள். மூக்குக்கண்ணாடி போட்டவுடன் எழுத்துத் தெளிவது போல இது இல்லை. உங்கள் குரலோடு பாத்திரச் சத்தத்தையும் சேர்த்தே பெரிதாக்கும். பழக மாதக்கணக்காகும். முதல் வாரத்தில் கழற்றி வைத்தவரை வையாதீர்கள். நம் மலைக்குரிய கஷ்டம் ஈரம். பனிமூட்டத்திலும் மழையிலும் குழாய்க்குள் தண்ணீர் கோத்து மிஷின் ஊமையாகிவிடும். இரவில் பற்றரிக் கதவைத் திறந்து, மூடியுள்ள டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வைத்தால் காலையில் சரியாகும். அடுப்புக்கு மேல் வைத்து உலர்த்தினால் உருகும். அந்தச் சின்னப் பற்றரி காற்றில் வேலை செய்வது. ஒட்டியிருக்கும் வர்ணத் தாளை உரித்து ஒரு நிமிடம் வைத்திருந்துவிட்டுப் போட வேண்டும்.

எழுதிக் காட்டலாமா என்று நினைப்பீர்கள். முதலில் அவர் வாசிப்பாரா என்று கணவரிடம் இரகசியமாகக் கேட்டுக்கொள்ளுங்கள். அந்தக் காலத்துத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் எத்தனை பேர் எத்தனை வகுப்பு வரை போனார்கள்? வாசிக்கத் தெரியாதவரிடம் கடதாசியை நீட்டினால் ஒரு வெட்கத்துக்கு மேல் இன்னொன்று. வாசிப்பார் என்றால் தொலைபேசியில் தமிழில் பேசினால் எழுத்தாக விழும் வசதியும் இருக்கிறது. தோட்டத்துச் சொற்களில் தடுக்கி விழுந்தாலும் மிச்சத்துக்கு உதவும். பிறவியிலேயே காது கேளாமல் சைகை மொழியில் வளர்ந்தவர்களுக்கு நான் சொன்ன பலதும் பொருந்தாது, அவர்களுடைய மொழி வேறு, அதை அவர்களிடம்தான் கற்க வேண்டும்.

கடைசியாக, என்ன பேசுவது என்று கேட்டீர்கள். ஸ்டோரைப் பற்றிப் பேசுங்கள். ரோலர் அறையில் நாங்கள் யாரும் காதால் பேசியதில்லை. இரண்டு விரல் காட்டினால் ஒன்று, உள்ளங்கையை அமுக்கிக் காட்டினால் இன்னொன்று, தூரத்திலிருந்தே கண்ணைப் பிடித்துக் கையால் முடித்துக்கொள்வோம். நீங்கள் இப்போது கஷ்டப்பட்டுப் பழகப்போவதை உங்கள் மாமா முப்பது வருடம் செய்தவர். வாடின கொழுந்து ஒரு பிடி யாரிடமாவது கேட்டு வாங்கி வாருங்கள். வாட்டம் சரியா என்று பார்ப்பதற்கு அதைக் கைக்குள் உருண்டையாக இறுக்கிப் பிடித்து விடுவோம், மெதுவாக விரிய வேண்டும். அவர் முன்னால் உட்கார்ந்து, கொழுந்தைக் காட்டி, "வாட்டம் போதுமா மாமா?" என்று கேளுங்கள். கையில் வாங்கிப் பார்ப்பார். பிறகு நெடுநேரம் பேசுவார். காது மந்தமானவர்கள் பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார்கள். நாங்களே பேசிக்கொண்டிருக்கும்வரை எதையும் கேட்டுப் பிடிக்க வேண்டியதில்லை அல்லவா? இடையில் நீங்கள் ஏதாவது சொல்ல வேண்டுமானால் கையை இலேசாக உயர்த்துங்கள், நிறுத்திவிட்டு உங்கள் முகத்தைப் பார்ப்பார்.